பெட்டியின் மூலையில் ஓர் எண்

1

போன வெள்ளிக்கிழமை மாலை கடைக்கு ஒருவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மறுநாள் ஊருக்குப் போகிறாராம், ஆறு வயது மகனுக்கு ஒரு வீடியோ கேம் வேண்டுமாம். "நல்லதாப் பாத்து ஒண்ணு குடுங்க அண்ணாச்சி. சட்டுனு குடுங்க, வெளிய வண்டி நிக்கி" என்றார்.

சட்டென்று கொடுக்க எனக்கு வராது. பையன் வாசிப்பானா என்று கேட்டேன். தனியாக விளையாடுவானா, கூட யாராவது இருப்பார்களா? தோற்றால் அழுவானா, கையில் இருப்பதைத் தூக்கி எறிவானா? இருட்டைப் பார்த்தால் பயமா? சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவானா?

"என்ன அண்ணாச்சி, மாப்பிள பாக்க வந்த ஆளு மாதிரில்லா கேள்வி கேக்கிய" என்றார் அவர்.

நானும் சிரித்தேன். ஆனால் பாதிக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. மகன் எழுத்துக் கூட்டி வாசிப்பானா என்பது தெரியவில்லை. இருட்டுக்குப் பயப்படுவானா என்பதும் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் கேட்டார். கேட்டு முடித்த பிறகும் வைக்கவில்லை. போன் மகன் கைக்குப் போய்விட்டது. "அப்படியாலே, அப்படியாலே" என்று ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதத்தோடு நான் சார்ஜாவுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைகளுக்கு எந்த விளையாட்டு ஆகும், எது ஆகாது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவன் என்று இந்தக் கடைத்தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. படித்து வாங்கிய பெயர் இல்லை. நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. தேனியிலும் கம்பத்திலும் இப்போது வீட்டுக்கு வீடு செல்போன் வந்துவிட்டது, பிள்ளைகள் கையில் அதுதான் இருக்கிறது என்கிறார்கள். அதனால் அந்தத் தப்பை எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

2

எனக்குச் சொந்த ஊர் சின்னமனூர். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். யாரும் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்து ஜன்னலில் இருந்து பார்த்தால் மேகமலைக்கு ஏறும் ஜீப்புகள் தெரியும், ஒரு நாள் ஒன்றில் ஏறிவிட்டேன், அவ்வளவுதான். தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பேன். இங்கிலீஷில் எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். சேர்த்து வைத்தால் வாயில் வராது.

மலையில் ஏலக்காய் ஸ்டோரில் இரண்டு வருடம் இருந்தேன். காய்ந்த காயைச் சல்லடையில் போட்டுச் சலிக்கும் வேலை. சல்லடைக் கண்ணுக்கு எண் உண்டு. ஆறு, ஏழு, எட்டு. ஆறில் விழுவது பொடிக்காய். எட்டில் விழாமல் மேலே நிற்பதுதான் முதல் தரம். அதைத் தனி மூட்டையாகக் கட்டி, மேலே எட்டு என்று பெரிதாக எழுதி போடிச் சந்தைக்கு அனுப்புவோம். எண் ஏற ஏறச் சரக்கு உயர்வு. அந்த வயதில் மண்டையில் ஏறியது அது ஒன்றுதான், நன்றாகவே ஏறிவிட்டது.

பிறகு குமுளி, கோட்டயம், லாரி, ஓட்டல், பம்பாயில் ஒரு சாயப்பட்டறை. எங்கேயும் இரண்டு வருடம் தாண்டி நின்றதில்லை. தொண்ணூற்று எட்டில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினேன். அதன்பின் ஓடவில்லை. ஓட முடியாது, பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது.

முதலாளி ஹம்சா இக்கா, மலப்புறத்துக்காரர். இக்கா என்றால் அண்ணன். பழைய எலக்ட்ரானிக் சாமான் வாங்கி விற்கும் கடை. எல்லை ஊரில் வளர்ந்ததால் எனக்கு மலையாளம் வரும். அதுதான் என் தகுதி. பத்து வருடம் அவருடைய குடோனில் சுமை ஏற்றி இறக்கினேன்.

3

முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது ஈஸ்வரியைக் கல்யாணம் செய்தேன். நான் திரும்பி வந்த பிறகு மகள் பிறந்தாள். வீரபாண்டி அம்மனுக்கு நேர்ந்துகொண்டதால் கௌமாரி என்று பெயர். அவளுக்கு எட்டு வயது ஆகும் வரை அவளை நான் நான்கு முறை பார்த்திருந்தேன்.

குடும்பத்தைக் கூட்டிவர முயலாமல் இல்லை. என் விசாவில் தொழில் என்ற இடத்தில் 'சுமை ஏற்றி இறக்குபவர்' என்று அரபியில் இருக்கிறது. அந்தத் தொழில்காரனுக்குக் குடும்ப விசா கிடையாது. தொழிலை மாற்றலாம் என்றார்கள். அதற்குப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும், அதன்மேல் ஊரில் ஒரு முத்திரை, சென்னையில் ஒரு முத்திரை, டெல்லியில் ஒன்று, இங்கே ஒன்று. டோக்கன் எடுத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்து இதைக் கேட்டுக்கொண்டேன். என்னிடம் சான்றிதழே இல்லை. முத்திரையை எதன்மேல் குத்துவது என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர், சிரித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

ஆக, மகளுக்கு நான் வெள்ளிக்கிழமைப் போன் மட்டும்தான்.

"சாப்பிட்டியா ஆத்தா?"

"ம்."

"ஸ்கூலுக்குப் போனியா?"

"ம்."

"அங்கன மழை பேஞ்சுதா?"

"ம். அம்மாகிட்டக் குடுக்கவா?"

ஈஸ்வரியிடம் ஒரு முறை குறைப்பட்டுக்கொண்டேன். "அவளுக்கு ஒங்ககிட்டப் பேச என்னங்க இருக்கு?" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. வெங்காயம் என்ன விலை என்று சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பேசுவதற்கு எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பொருள் வேண்டும், அது எங்களிடம் இல்லை.

4

இரண்டாயிரத்து எட்டில் குடோனுக்கு ஒரு லோடு பழைய விளையாட்டுச் சாமான் வந்தது. கையில் வைத்து விளையாடும் பெட்டிகள், அவற்றில் போடும் விளையாட்டுகள். உள்ளே இருப்பது சின்ன வட்டுதான், ஆனாலும் எங்கள் ஊர்ப் பழக்கத்தில் நான் அதைக் கேசட் என்றுதான் சொல்வேன். "நிறைய கிடக்கிறது, வேண்டுமென்றால் மகளுக்கு ஒரு பெட்டியும் ஒரு கேசட்டும் எடுத்துக்கொள்" என்றார் இக்கா.

நூறு கேசட்டுக்கு மேல் இருந்தன. பெயர்களை என்னால் படிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு உறையிலும் மூலையில் ஓர் எண் இருந்தது. 3, 7, 12, 16, 18. எண்களை எனக்குப் படிக்கத் தெரியும்.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. மூன்று என்று போட்டவை பொடிக்காய், அவற்றை ஒதுக்கினேன். ஏழையும் பன்னிரண்டையும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டேன். என் மகளுக்குக் கொடுப்பதை முதல் தரமாகக் கொடுக்க வேண்டும். பதினெட்டு என்று போட்டவை ஏழெட்டுத்தான் இருந்தன. குறைவாக இருப்பதே உயர்ந்த சரக்கு என்பதற்கு இன்னொரு சாட்சி. அதிலும் ஒன்றைப் பொறுக்கி எடுத்தேன். உறையில் ஒரு பெரிய நகரம், ஒரு கார், காரில் சாய்ந்தபடி கோட்டுப் போட்ட ஒருவர். படித்தவர் போலத் தெரிந்தார்.

என் அறையில் இருக்கும் ராசாங்கம் உத்தமபாளையத்துக்காரர். அப்போது ஊருக்குப் போனார், அவரிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகள் பேசினாள்.

"கார் ஓட்டுறேன்ப்பா."

"அப்படியா ஆத்தா? எம்புட்டு தூரம் போன?"

"ரெண்டாவது ஊருக்குப் போயிட்டேன். போலீசு தொரத்துனாக. தப்பிச்சிட்டேன்."

போனை வைத்த பிறகு அவள் சொன்ன வார்த்தைகளை விரலில் எண்ணினேன். ஒரு கை போதவில்லை. அந்த வாரம் முழுக்கச் சுமை கனக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும், சாப்பிட்டாயா என்று கேட்பதை விட்டுவிட்டு, "எம்புட்டு தூரம் போன?" என்றே தொடங்கினேன். அவளும் சொன்னாள். மூன்றாவது ஊர். பாலம். சுரங்கம்.

5

ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஈஸ்வரியிடமிருந்து மிஸ்டு கால். செவ்வாய்க்கிழமை கூப்பிடுகிறாள் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது. திருப்பிக் கூப்பிட்டேன்.

"ஏங்க, டீச்சர் வரச் சொல்லியிருந்தாக. நேத்துப் போயிட்டு வந்தேன்."

"என்னவாம்?"

"ட்ராயிங் நோட்டக் காட்டுனாக. எங்கள் தெருன்னு ஒரு படம் வரையச் சொல்லியிருக்காக. எல்லாப் பிள்ளைகளும் மரம், கோயிலு, பஸ்ஸுன்னு வரஞ்சிருக்குக. ஒங்க மக, ரோட்டுல ஒரு ஆளு குப்புறக் கெடக்குறாப்புல வரஞ்சு, மேல இருபதுன்னு எழுதியிருக்கா."

"இருபதா? என்ன இருபது?"

"பாயிண்டாம். நடந்து போற ஆளு மேல கார ஏத்துனா இருபது பாயிண்டாம். யார்றி இதெல்லாம் சொல்லிக் குடுத்தான்னு டீச்சர் கேட்டதுக்கு, எங்கப்பா அனுப்பிவிட்டாருன்னு சொல்லியிருக்கா. நான் மூஞ்சிய எங்கன கொண்டு போயி வைக்க?"

அது உசத்தியான கேசட், பதினெட்டாம் நம்பர் என்று ஏதோ சொன்னேன்.

"நம்பர் கெடக்குதுங்க. அவ எப்பிடி வெளாடுறான்னு நானும் நேத்து ராத்திரி பக்கத்துல ஒக்காந்து பாத்தேன். சத்தத்தக் கொறச்சு வச்சுக்கிறா. ஆளு விழுகுறப்பக் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு அமுக்குறா. பயமா இருந்தா எதுக்குடி வெளாடுறன்னு கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா?"

"என்ன சொன்னா?"

"வெள்ளிக்கிழமை அப்பா கேப்பாருல்ல, எம்புட்டு தூரம் போனன்னு, அதுக்குத்தான்ங்கிறா."

பெட்டியை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டதாகச் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை கௌமாரி மறுபடியும் 'ம்' என்றாள். இம்முறை நானும் அதிகம் கேட்கவில்லை. எங்களிடம் இருந்த ஒரே பொதுப்பொருள் அரிசிக்குள் கிடந்தது. அதையும் அவள் எனக்காகக் கண்ணை மூடிக்கொண்டு சுமந்திருக்கிறாள்.

6

இக்காவிடம் போய் அந்த எண் என்ன என்று கேட்டேன்.

"எடா, அது வயசாணெடா. விளையாடுகிற பிள்ளைக்கு அத்தனை வயசு ஆகியிருக்க வேண்டும்" என்று சிரிக்கத் தொடங்கினார். என் மகளுக்கு எட்டு வயது என்பது நினைவு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். மறுநாளே என்னைக் குடோனில் இருந்து கடைக்கு மாற்றினார். "நீ இங்கே நில். என்ன விற்கிறோம் என்று பார்த்துக்கொள்" என்றார். தண்டனையா, பதவி உயர்வா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

கடையில் மரிசா என்ற பிலிப்பைன் பெண் விற்பனையில் இருந்தாள். இரண்டு பிள்ளைகளை மணிலாவில் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தவள். எனக்குத் தெரிந்த இருபது இங்கிலீஷ் வார்த்தையையும் கையையும் வைத்துப் பேசிக்கொள்வோம். உறையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டியவள் அவள்தான். அங்கே சின்னச் சின்னப் படங்கள் இருந்தன. முஷ்டி இருந்தால் அடிதடி. பகடை இருந்தால் சூதாட்டம். ஊசி இருந்தால் போதை. சிலந்தி இருந்தால் பயமுறுத்தும். நான் அனுப்பிய அதே கேசட் இன்னொன்று கடையில் கிடந்தது, அதன் பின்னால் அத்தனை படமும் வரிசையாக நின்றன. எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியட்டும் என்றுதான் யாரோ படம் போட்டிருக்கிறார்கள். நான்தான் திருப்பிப் பார்க்கவில்லை.

சிலந்தி எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஏல ஸ்டோரில் சிலந்தி எங்கள் கூடவே குடியிருக்கும், அதற்குப் பயந்தவர்களை நான் பார்த்ததில்லை. மேகமலையில் கேட்டிருந்தால் அட்டைப்பூச்சிப் படம் போடச் சொல்லியிருப்பார்கள். பயம்கூட ஊருக்கு ஊர் வேறு என்றால், உறையைப் பார்த்து மட்டும் எப்படி முடிவு செய்வது? ஒவ்வொன்றையும் நானே விளையாடிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் வந்தது.

இங்கே மத்தியானம் ஒரு மணிக்குக் கடை மூடினால் நான்கு மணிக்குத்தான் திறப்போம். எல்லாரும் தூங்கப் போவார்கள். கேசட் ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்கக் கடையில் வைத்திருக்கும் பெட்டியை நான் எடுத்துக்கொண்டு ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்துவிடுவேன். முப்பத்தெட்டு வயதில் முதல் முறையாக விளையாடத் தொடங்கினேன். முதலில் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் சுவரில் போய் முட்டினேன்.

சில மாதத்தில் சிலது புரிந்தது. வயது எண் கட்டாயம் பார்க்க வேண்டியது, ஆனால் அது ரத்தம், பயம், கெட்ட பேச்சு பற்றி மட்டும்தான் சொல்லும். மற்றதை நாம்தான் பார்க்க வேண்டும். மூன்று போட்ட ஒரு கேசட்டில், பிள்ளை தோற்கும்போதெல்லாம் ஒரு கரடி கைகொட்டிச் சிரித்தது. எனக்கே அந்தக் கரடியை அறைய வேண்டும் போல இருந்தது. அதை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்க மாட்டேன். இன்னொன்று பார்க்க அழகு, ஆனால் பாதியில் நிறுத்தினால் மறுபடியும் முதலில் இருந்து தொடங்கச் சொல்லும். சாப்பிடக் கூப்பிடும் தாய்க்கும் பிள்ளைக்கும் அது தினமும் சண்டை மூட்டும். ஏழு போட்ட ஒன்றில் வேலையே இல்லை, அமுக்கிக்கொண்டே இருந்தால் பரிசு கொட்டியது. அரை மணி நேரம் விளையாடிவிட்டு எழுந்தால் எனக்கு எரிச்சலாக வந்தது. ஏன் எரிச்சல் என்று யோசித்தேன். நான் எதையும் செய்யவில்லை, அதனால்தான். நல்ல விளையாட்டு முடிந்து எழுந்தால் ஒரு வேலையை முடித்தாற்போல இருக்கும், கூட ஒருத்தரிடம் அதைச் சொல்லத் தோன்றும். என் கணக்கில் அதுதான் பெரிய சோதனை. விளையாடியதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன்.

7

ஈஸ்வரி ஒரு நிபந்தனை போட்டாள். "இனிமே எதையும் மொதல்ல நீங்க வெளாண்டு முடிங்க. முடிச்சிட்டேன்னு சொன்னாத்தான் டிரம்மத் தெறப்பேன்."

நான் கண்டுபிடித்தது ஒரு நீர்நாய். தேக்கடி ஏரியில் தலையை நீட்டுமே, அதேதான். ஒரு தீவில் அது தபால்காரர். பையை மாட்டிக்கொண்டு பாலம் தாண்டி, மேடு ஏறி, பறவைகளுக்கும் எலிகளுக்கும் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உறையில் மூன்று என்று இருந்தது, பின்னால் ஒரு படமும் இல்லை. எந்த நேரமும் நிறுத்தலாம். சிரிக்கிற கரடி இல்லை. விழுந்தால் நீர்நாய் தன் வாலைப் பிழிந்துவிட்டு மறுபடி நடக்கும்.

ஒன்றைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்தத் தீவில் எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். எதிரில் வரும் ஒவ்வொரு பறவையும் ஏதோ சொல்லும், கீழே இங்கிலீஷில் வரும். நான் அமுக்கித் தள்ளிவிட்டுப் போவேன். அதனால் இரண்டு மாதம் ஆனது. எந்த வழி போகக்கூடாது என்பதை அதில் விழுந்து விழுந்தே கற்றேன். முடித்ததும் வேறொருவர் கையில் கொடுத்து அனுப்பினேன். ஈஸ்வரி டிரம்மைத் திறந்தாள்.

"அப்பா, மஞ்சப் பாலத்துக்கு எப்பிடிப்பா போறது?"

"காத்தாடி இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி போ ஆத்தா. அங்கன ஒரு குகை இருக்கும். பயப்படாத, உள்ள ஒண்ணுமில்ல, ஒரு எலிதான்."

"எலி கண்ணாடி போட்டிருக்குப்பா."

"ஆமா, வாத்தியாரு எலி போல."

அவள் சிரித்தாள். போனில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் கேட்டாள்: "அப்பா, ஒடஞ்ச பாலத்துக்கிட்ட ஒரு வாத்து நிக்கிதே, என்னமோ எழுதி வருதே. அது என்ன சொல்லுதுப்பா?"

"அதுவா? சும்மா வணக்கம் சொல்லுது. தாண்டிப் போ."

அதற்கடுத்த வாரம் அவள் குரல் மெதுவாக வந்தது. "அப்பா, அந்த வாத்து வணக்கம் சொல்லல. பாலம் ஒடஞ்சிருக்கு, எலி வீட்டுல ஏணி இருக்கு, எடுத்துட்டு வான்னு சொல்லுது. நீ எத்தன தடவப்பா விழுந்த?"

"ஒரு இருபது தடவ இருக்கும்."

இருபது தடவைக்கு ஒரு காரணமும் சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்குக் கண்ணாடி மாத்தணும் ஆத்தா" என்றேன். "சின்ன எழுத்து தெரிய மாட்டேங்குது."

"சரிப்பா" என்றாள்.

அதன்பின் அவளிடம் ஒரு பழக்கம் வந்தது. தீவில் யார் என்ன சொன்னாலும் போனில் எனக்கு வாசித்து, தமிழிலும் சொல்லிவிடுவாள். "இன்னிக்கு மழை வரும்னு குருவி சொல்லுதுப்பா. எலிக்குத் தங்கச்சி லெட்டர் போட்டிருக்காம்." இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறாள் அல்லவா, பெருமைக்குச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் இரண்டு மாதம் சுற்றித் திரிந்த தீவில் யார் யார் என்ன பேசினார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது.

8

போன வருடம் மே மாதம் விடுமுறையில் போனேன். கொச்சியில் இறங்கி, குமுளி வழியாக மலை இறங்கினேன். வீட்டு வாசலில் வந்து நின்ற ஆளும் போனில் பேசும் அப்பாவும் ஒருவர்தான் என்று ஒத்துக்கொள்ள கௌமாரிக்கு ஒரு நாள் பிடித்தது. இரண்டாம் நாள் விளையாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முழங்கை மேல் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஈஸ்வரிக்குப் புதுப் போன் வாங்கியிருந்தேன். அதில் விளையாட்டு ஏற்றத் தேனிக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டும் கேமும் ஏற்றித் தருவார்கள்.

"நூத்தம்பது கேம் இருக்குண்ணே. மொத்தமா ஏத்தி விட்டுறவா?" என்றார் கடைக்காரர்.

"ஒவ்வொண்ணாப் போட்டுக் காட்டுங்க."

"ஒவ்வொண்ணாவா? பாப்பா வெளாடத்தானண்ணே கேக்குறீக? பரீட்சையா எழுதப் போகுது?"

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பின்னால் கூட்டம் நின்றது. கைபேசி விளையாட்டுகளில் உறை கிடையாது, மூலையில் எண் கிடையாது, சிலந்தியும் கிடையாது. வெறும் பெயர். அதனால்தான் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நின்றேன். மூன்றாவதைத் திறந்ததும் திரையில் ஏதோ எழுத்து வந்தது. கீழே ஒரு கட்டம்.

"இது என்ன எழுதியிருக்கு?" என்றேன்.

"அதெல்லாம் யாருண்ணே படிக்கா. ஓகே அமுக்குங்க, உள்ள போயிரும்."

என் கட்டைவிரல் மேலே போனது. கௌமாரி என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அப்பா, அமுக்காத. ஓகே குடுத்தா தெனமும் சிம் கார்டுல காசு எடுத்துக்கிருவோம்னு போட்டிருக்கு."

கடைக்காரர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஒங்க மக உஷாருண்ணே" என்றார். நூற்றைம்பதில் ஒன்பதைத் தேர்ந்தெடுக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. துப்பாக்கி இருந்ததை நான் தள்ளினேன், காசு கேட்டதை அவள் தள்ளினாள். ஒன்றில் ஒரு தவளை குதித்துக்கொண்டே இருந்தது. "இது போர்ப்பா, பேச ஒண்ணுமே இல்ல" என்று அதையும் தள்ளினாள். அந்தச் சோதனையை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

திரும்பும்போது வீரபாண்டித் திருவிழாக் கூட்டம், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. என் இடுப்பைப் பிடித்து நின்றவள் நிமிர்ந்து கேட்டாள்: "கண்ணாடி மாத்திட்டியாப்பா?"

"மாத்திட்டேன் ஆத்தா."

"ம்" என்றாள்.

9

சென்ற மாதம் ராசாங்கம் மறுபடி ஊருக்குப் போய் வந்தார். ஈஸ்வரி கொடுத்துவிட்ட இரண்டு சட்டை, அதற்குள் ஒரு கவர். "ஒங்க மக என் கையில குடுத்து, மடக்கிறாதீகன்னு மூணு தடவ சொல்லுச்சு" என்றார்.

கவருக்குள் கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்று. அதில் நகத்தளவு மெமரி கார்டு ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தாள். கீழே வரிசையாகப் பத்து விளையாட்டின் பெயர், தமிழில். 'மீன் பிடிக்கிற கேம்', 'கல் அடுக்குற கேம்' என்று அவளே வைத்த பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், உறையில் இருப்பது போல ஒரு கட்டம், கட்டத்துக்குள் எண். எல்லாவற்றுக்கும் மூன்று என்றே போட்டிருந்தாள். எனக்கு நாற்பது வயது.

எண்ணுக்குப் பக்கத்தில் அவளே வரைந்த படங்கள். காசு கேட்காதது என்பதற்கு ரூபாய் நோட்டின் மேல் பெருக்கல் குறி. இன்னொரு படம் எனக்குப் புரியவில்லை. ஒரு வட்டம், அதற்குள் 'அ', அதற்குக் குறுக்கே ஒரு கோடு. வரிசையாக ஒன்பது விளையாட்டுக்கும் அந்தப் படம் இருந்தது. முஷ்டியும் சிலந்தியும் பார்த்துப் பழகியவன், இது என்ன எச்சரிக்கை என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். தாளைத் திருப்பினேன். திருப்பிப் பார்க்கத்தான் எனக்கு இப்போது பழக்கம் உண்டே.

பின்பக்கத்தில் எழுதியிருந்தாள்:

'அப்பா, அ-வுக்குக் கோடு போட்டிருந்தா அதுல எழுத்தே வராது. நானே எல்லாத்தையும் கடைசி வரைக்கும் வெளாண்டு பாத்துட்டேன். பத்தாவது கேமுக்கு மட்டும் கோடு போடல. அதுல நிறைய எழுத்து இருக்கு, ஆனா அதுதான் ரொம்ப நல்லா இருக்கு. அம்மா போன்லயும் அது இருக்கு. வெள்ளிக்கிழமை கூப்பிடு. நீ ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு, நான் சேத்துப் படிச்சுச் சொல்றேன். கண்ணாடி வேண்டாம்.'

தாளை மடக்காமல் பாஸ்போர்ட் நகல் வைத்திருக்கும் பையில் வைத்தேன். ஒன்பது விளையாட்டையும் அந்த வாரமே மத்தியானங்களில் கடையில் கிடந்த ஒரு பழைய கைபேசியில் போட்டு விளையாடிப் பார்த்தேன். ஒன்றில்கூட ஓர் எழுத்து வரவில்லை. பத்தாவதைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு என் போனில் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"எம்புட்டு தூரம்ப்பா போன?"

"இன்னும் தொடங்கல ஆத்தா. இப்பத்தான் தெறக்குறேன்" என்றேன். "மொதல்லயே என்னமோ எழுதி வருது. சொல்றேன், படி."